மஞ்சள் விளக்கின் பின்னால்

இடது, வலது, மறுபடி இடது, ஸ்டியரிங்கை இப்படி ஆட்டி ஆட்டி வளைந்துகொண்டே போகாவிட்டால் டயர் ஆறிவிடும், ஆறின டயரும் நனைந்த சோப்புக்கட்டியும் ஒன்றுதான், முன்னால் சேஃப்டி காரின் கூரையில் மஞ்சள் விளக்கு சுழல்கிறது, அதற்குப் பின்னால் இரண்டு பையன்கள், அவர்களுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மற்ற எல்லாரும், ஒருவரை ஒருவர் தாண்டக்கூடாது, பாதையைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை அந்த வெள்ளைக் கார் எங்களை இப்படியே மெதுவாக இழுத்துக்கொண்டு சுற்றும், ஊர்வலம் மாதிரி, எந்த ஊர்வலம் என்று யோசிக்க வேண்டாம், வலது, இடது. பாதையில் கிடப்பது வில்ஃபியின் கார். வில்ஃப்ரெட் டிக்ரூஸ், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், முப்பது வருஷமாக எனக்கு முன்னாலோ பின்னாலோ ஓடிக்கொண்டிருப்பவன். சற்று முன்புவரை அவன் மூன்றாவது, நான் நான்காவது. நீண்ட நேர்பாதை முடிந்து வலதுபுறம் திரும்பும் இடத்தில் அவன் கார் நேராகப் போனது, திரும்பவே இல்லை, புழுதி எழுந்தது, டயர்ச் சுவரில் ஏறி ஒரு சுற்றுப் புரண்டு மறுபடி சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்தது. புரளும்போது அதன் அடிப்பக்கம் ஒரு கணம் வெயிலில் தெரிந்தது, செதில் எடுத்த மீன் மாதிரி வெளிறி. அப்போது எனக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. 'ஒரு இடம்' என்றுதான் வந்தது. மூன்றாவது. பயம் அதற்கு அடுத்து வந்தது. நடுவில் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம், ஆனால் எது முதலில் வந்தது என்பது தெரியும்.

"சார், நீங்க இப்ப மூணாவது. டயரைச் சூடா வச்சுக்குங்க." காதுக்குள் மதுவந்தியின் குரல். என் காரின் இன்ஜினீயர், என் மூத்த மகளைவிடச் சின்னவள், பிட்டில், பாதையோரம் கார்களைக் கவனிக்கிற கொட்டகையில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், என் கார் எந்தத் திருப்பத்தில் எவ்வளவு நேரத்தை இழக்கிறது என்று அந்தத் திரை அவளுக்குச் சொல்லும், எந்தத் திருப்பத்தில் எனக்கு முழங்கால் வலிக்கிறது என்று சொல்லாது. "வில்ஃபிக்கு என்னம்மா ஆச்சு?" என்றேன். "ஓகே சார்" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. எங்கள் தொழிலில் எழுதாத ஏற்பாடு அது, ஓடிக்கொண்டிருக்கிறவனிடம் விழுந்தவனைப் பற்றி ரேஸ் முடிகிறவரை 'ஓகே' தவிர வேறு எதையும் சொல்லக்கூடாது. கை ஒடிந்தாலும் ஓகே, கார் எரிந்தாலும் ஓகே. ரேடியோ இல்லாத காலத்தில் பிட் சுவர் மேல் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். எங்களோடு ஓடின ஹரிஹரன் விழுந்தபோதும் எனக்கு அப்படித்தான் காட்டினார்கள். பழைய விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்துப் பந்தயம் நடந்த நாட்கள். ஹரிஹரன் கட்டுகளைத் தாண்டி அந்தப் பக்கம் போனான், நான் அடுத்த சுற்று வரும்போது கட்டைவிரல், அதற்கடுத்த சுற்றிலும் கட்டைவிரல், நான் ஜெயித்தேன், மேடை ஏறினேன், பாட்டிலைக் குலுக்கிக் கூட்டத்தின் மேல் அடித்தேன், வாயெல்லாம் பல். மறுநாள் பேப்பரில் என் சிரிப்பும் அவன் மரணமும் ஒரே பக்கத்தில் வந்தன. அன்றைக்கு இன்ஜின் படுத்ததால் பாதியிலேயே நின்றுவிட்ட வில்ஃபிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மேடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். நான் இறங்கினதும் சொன்னான். "ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். "சொல்லியிருந்தா நீ சிரிச்சிருக்க மாட்டியே தண்டம்" என்றான். தண்டபாணி என்ற பெயரை அவன் ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததா இது. இல்லை, அதற்கு முன்பே. எப்போது என்று தேடிப் போனால் ஒவ்வொரு வருஷத்துக்கும் அடியில் இன்னொரு வருஷம் இருக்கிறது.

நேர்பாதை வருகிறது. பறக்கவேண்டிய இடத்தில் ஊர்ந்து போனால் எல்லாம் தெரிகிறது, வேலிக்கு அப்பால் எருமைகள், ஒரு தண்ணீர் லாரி, சவுக்குத் தோப்பு, இவ்வளவும் இங்கே இருக்கிறது என்று இத்தனை வருஷம் தெரியாது. திருப்பத்தில் மஞ்சள் கொடிகள். ஆரஞ்சு உடுப்புப் போட்ட மார்ஷல்கள் காரைச் சுற்றிக் குனிந்திருக்கிறார்கள், முதுகுகள், முதுகுகள்தான், நடுவில் என்ன என்று தெரியவில்லை, கழுத்தைத் திருப்பினேன், ஹெல்மெட் பக்கவாட்டுத் திட்டில் இடித்தது, தாண்டிவிட்டேன். அவன் புரளுவதற்கு முன் நான் அங்கே செய்தது ஒன்றுமில்லை. காரின் மூக்கை நீட்டினேன், அவ்வளவுதான். அந்தத் திருப்பத்தில் பிரேக் போடும் இடத்துக்குச் சற்று முன்னால் என் காரை இடதுபுறம் எடுத்து அவன் கண்ணாடியில் என் மூக்குத் தெரியும்படி காட்டுவேன். தாண்டுவதற்காக இல்லை. அந்த இடத்தில் இடதுபுறமாக யாராலும் தாண்ட முடியாது, அங்கே மண்ணும் டயர்த் துகளும்தான் கிடக்கும். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ரேஸிலும் நான் காட்டுவேன், அவன் பதிலுக்கு வழக்கத்தைவிடத் தாமதமாகப் பிரேக் போடுவான், போடா என்று சொல்வது மாதிரி. அவன் பின்னால் இருந்தால் அவன் காட்டுவான், நான் தாமதிப்பேன். எங்களுக்குள் வணக்கம் என்றால் அதுதான். வேறு யாருக்கும் புரியாது. பையன்கள் அப்படிச் செய்யமாட்டார்கள், முடிகிற இடத்தில் தாண்டுவார்கள், முடியாத இடத்தில் சும்மா வருவார்கள், அவர்களுக்கு எல்லாம் கணக்கு. இன்றைக்கு நேர்பாதை முடிவில் யாரோ விட்ட எண்ணெய்க் கோடு ஒன்று மங்கலாகக் கிடந்தது. எனக்குத் தெரிந்தது. முந்தின சுற்றிலேயே தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். முன்னால் போனவன் அவன், என்னைவிட முதலில் அவன்தான் பார்த்திருப்பான். பார்த்திருப்பான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டான். கண்ணாடியில் என்ன இருந்தது. என் மூக்கு இருந்தது. வலது, இடது, வலது.

காலையில் டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டினாள், இந்த வயதிலும் உங்களை ஓட வைப்பது எது சார். வருஷத்துக்கு ஒருத்தராவது கேட்டுவிடுகிறார்கள். முதலில் எல்லாம் வேகம் என்பேன். பிறகு கொஞ்சநாள் ஒழுக்கம் என்றேன், உடற்பயிற்சி, பச்சைக் காய்கறி. இப்போது காதல் என்கிறேன், அவர்களுக்கு அது பிடிக்கிறது, தலைப்பில் போடுகிறார்கள். காதல். காரில் உட்காருகிற இந்தக் குழிக்குள் என்னை இறக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, இடுப்பு மடங்குவதில்லை, உள்ளே போனபிறகு காலை நீட்டினால் வலது முழங்காலில் ஒரு முள் ஏறும், அது ரேஸ் முடிந்து ராத்திரிவரை இறங்காது. முன்னால் இருக்கும் எண்கள் மங்குகின்றன, மதுவந்தியிடம் சொல்லவில்லை, எந்த நிற விளக்கு எரிந்தால் கியர் மாற்றவேண்டும் என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். குடிக்கிற குழாயில் வரும் தண்ணீர் டீ மாதிரிச் சுடுகிறது. மூத்திரம் முட்டுகிறது, இது இப்போது எப்போதும் முட்டுகிறது. கோயம்புத்தூரில் எனக்கு ஒரு பம்ப்செட் கம்பெனி இருக்கிறது, அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், நன்றாகவே பார்த்துக்கொள்கிறான், என் மேஜையைத் துடைத்து வைக்கிறார்கள், நான் போனால் எழுந்து நிற்கிறார்கள், உட்கார்ந்ததும் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது அவர்களுக்கும் தெரியாது. வேகம் என்றால் எனக்கு இப்போது பிடிக்கக்கூட இல்லை. பல வருஷமாகவே பிடிக்கவில்லை. ஒவ்வொரு ரேஸுக்கும் முதல்நாள் ராத்திரி எழுந்து நடப்பேன், முன்பு ஆசையால் நடந்தேன், இப்போது வெறும் பயத்தால் நடக்கிறேன். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதோ அங்கே சிவப்பு உடுப்பில் வாழைப்பழம் தின்றுகொண்டு நிற்கிறானே கிழவன், அவன் இன்னும் நிறுத்தவில்லை அம்மா, அதனால் நான் ஓடுகிறேன். அவன் நிறுத்துகிற அன்றைக்கு மறுநாள் நான் நிறுத்திவிடுவேன், ஒருநாள் தாமதமாக, ஒரே ஒருநாள் போதும். தலைப்பில் போடமாட்டார்கள்.

"சார், எப்ப வேணா மறுபடி ரேஸை விடலாம். விளக்கு அணைஞ்சா சொல்றேன்." "வில்ஃபி இறங்கிட்டானா?" "எல்லாம் ஓகே சார். நீங்க முன்னாடி பாருங்க." முன்னாடி பார்க்கிறேன். முன்னாடி அந்தப் பையனின் பின்சக்கரம், மஞ்சள் விளக்கு. டோரீன் இப்போது எங்கே நிற்பாள். வில்ஃபியின் மனைவி எந்த ரேஸுக்கும் வராமல் இருந்ததில்லை, வந்தால் பார்த்ததும் இல்லை, பிட்டுக்குப் பின்னால் லாரி நிழலில் நாற்காலி போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள், இந்த ஊர் வெயிலில் யாருக்கு அந்த ஸ்வெட்டர்கள். போன ஏப்ரலில் ரயிலேறித் தனியாகக் கோயம்புத்தூர் வந்தாள். கம்பெனிக்கே வந்துவிட்டாள். நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், சும்மாதான். "நீ நிறுத்திடு மேன்" என்றாள். "நீ நிறுத்தினா அவன் தன்னால நிறுத்திடுவான். ராத்திரியில எழுந்து உக்காந்துக்கறான், நெஞ்சைத் தேய்ச்சுக்கறான், கேட்டா தண்டம் ஓடறான்ல, எனக்கு இன்னான்றான். உங்க ரெண்டு பேருக்கும் இன்னா மேன் சண்டை? எனக்கு யாராவது ஒருத்தர் சொல்லுங்க." அவளுக்கு டீ வரவழைத்தேன். அழுதாள், அழுகிறவள் இல்லை அவள். "முதல்ல அவனை நிறுத்தச் சொல்லுங்க, அடுத்த நாளே நான் நிறுத்தறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். டீயைக் குடிக்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து வில்ஃபி போன் பண்ணினான். "இன்னா தண்டம், உன் வூட்டுக்காரம்மா எனக்குப் போன் பண்ணாங்கோ. அண்ணா அண்ணான்னு ஒரே அழுகை. நீங்க நிறுத்தினாத்தானுங்க இவரும் நிறுத்துவாருங்கன்னு. நான் இன்னா சொன்னேன் சொல்லு? மொதல்ல அவனை நிறுத்தச் சொல்லும்மா, மறுநாள் நான் நிறுத்தறேன்னேன்." சிரித்தான், சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் இருமினான். நான் போனை வைத்துவிட்டுக் கனகவல்லியைக் கூப்பிட்டேன். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உன்னை யாருடி அவனுக்குப் போன் பண்ணச் சொன்னது?" "ஏனுங், நான் உங்ககிட்டச் சொல்லாத நாளிருக்குதுங்களா? உங்க காதுல ஏறுல. அவரு காதுலயாச்சும் ஏறுமான்னு பார்த்தேன்." "என் மானத்தை வாங்கிப்போட்டயே." "மானந்தானுங், வேறென்ன இருக்குது உங்ககிட்ட வாங்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

டோரீன் வந்ததை நான் வில்ஃபியிடம் சொல்லவில்லை. அவள் மேல் இரக்கப்பட்டு இல்லை. வைத்திருந்தேன். கனகவல்லி போன் பண்ணினதை அவன் எனக்கு எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான், அதேபோல் என் பெண்டாட்டியைவிட முன்னால் உன் பெண்டாட்டி வந்தாள், ரயிலேறி வந்தாள் என்று நான் ஒருநாள் சொல்லவேண்டும், எந்த நாளில் சொன்னால் அதிகமாக வலிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு மத்தியானம் ரேஸ் தொடங்குமுன் வரிசையில் கார்கள் நின்றபோது அவன் காருக்குப் போனேன். குடை நிழலில் ஹெல்மெட் போடாமல் உட்கார்ந்திருந்தான், தலையில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது, உதடு வெளிறியிருந்தது, அவ்வளவு பக்கத்தில் அவனைப் பார்த்து நாளாயிற்று. "இன்னா, வழியனுப்ப வந்தியா?" என்றான். "உனக்கு எதுக்குடா வழியனுப்பறது, நீ எங்க போகப் போற" என்றேன். "உன்ன மாதிரி நாலாவதுல இல்லப்பா நான்." "பாக்கலாம்." "இன்னாத்தப் பாக்கறது, என் பின்பக்கத்ததான் பாப்ப." அவன் மெக்கானிக் சிரித்தான். நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், டோரீன், என்று ஆரம்பிக்கவேண்டும், ஆனால் "முன் டயர்ல காத்து அதிகமா இருக்குற மாதிரி இருக்குதே, பாத்துக்கோ" என்றுதான் வந்தது. "நீ உன் டயரைப் பாரு" என்றான். அதுதான் கடைசியாகச் சொன்னது. கடைசி என்று ஏன் சொல்கிறேன். சற்றுமுன் சொன்னது. சொல்லாமல் விட்டது இன்னும் வாயிலேயே இருக்கிறது, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், அவன் இல்லாவிட்டால் அது யாருக்கு.

மறுபடி நேர்பாதை. ஆம்புலன்ஸ் இப்போது திருப்பத்தில் குறுக்காக நிற்கிறது, பின்கதவு திறந்து, காரை முழுசாக மறைத்துக்கொண்டு. மறைப்பாக வெள்ளைத் துணி யாரும் பிடித்து நிற்கவில்லை. துணி பிடித்து மறைத்தால்தான் கவலைப்படவேண்டும். ஹரிஹரனுக்குப் பிடித்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இப்போது துணிக்குப் பதிலாக ஆம்புலன்ஸையே குறுக்கே நிறுத்துகிறார்களோ என்னவோ, எல்லாம் நாகரிகமாகிவிட்டது. நான் பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று, ஸ்டியரிங். எங்கள் காரில் உட்காருகிற இடம் அவ்வளவு குறுகல், ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் வெளியே வர முடியும், வந்தபிறகு அதைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது விதி, மார்ஷல்கள் காரைத் தள்ளித் திருப்ப வசதியாக. வில்ஃபி ஒருநாளும் மாட்டினதில்லை. கார் நின்றுபோனால் அவன் ஸ்டியரிங்கைப் பிடுங்கி வீசி எறிவான், புல்லிலோ மண்ணிலோ, ஒருமுறை ஒரு மார்ஷலின் காலில் பட்டது, அபராதம் போடுவார்கள், கட்டுவான், அடுத்த தடவை மறுபடி வீசுவான். அது மண்ணில் கிடந்தால் வில்ஃபி தன் கையால் இறங்கியிருக்கிறான், கோபத்தோடு, முழுசாக. அது கிடந்தால் போதும். கிடக்கட்டும். நான் ஒருநாளும் எந்தச் சாமியிடமும் வில்ஃபிக்காக எதையும் கேட்டதில்லை, அவன் இன்ஜின் வெடிக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன், மருதமலையில் படியேறிக் கேட்டிருக்கிறேன், வெடித்தும் இருக்கிறது. பையன் முன்னால் திடீரென்று வேகத்தைக் குறைக்கிறான், நானும் குறைக்கிறேன், வெப்பம் கால்வழியாக மேலே ஏறுகிறது, ஸ்டாண்டில் கூட்டம் எழுந்து நிற்கிறது, எதையோ பார்க்கிறார்கள், அவர்களுக்குப் பெரிய திரை இருக்கிறது, அங்கே இருக்கிற ஐஸ்வண்டிக்காரனுக்குக்கூட வில்ஃபிக்கு என்ன ஆயிற்று என்று தெரியும், எனக்குத் தெரியாது. "மதுவந்தி." "சொல்லுங்க சார்." "ஒண்ணுமில்ல." "இன்னும் ரெண்டு சுத்துதான் சார். இப்படியேகூட முடியலாம். உங்களுக்கு மூணாவது உறுதி." உறுதி.

இந்தத் தடவை ஆம்புலன்ஸ் இல்லை. போய்விட்டது, சைரன் கேட்கவில்லை, ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது, அதனால் அதற்கு அர்த்தம் இல்லை. கார் தனியாக நிற்கிறது. மூக்கு நொறுங்கியிருக்கிறது, வலப்பக்கச் சக்கரம் ஒரு கம்பியில் தொங்குகிறது, உட்காருகிற குழி காலி. ஸ்டியரிங் அதன் இடத்தில் இருக்கிறது. நேராக, ஒழுங்காக, விதிப்படி மாட்டி. சுற்றிலும் மண்ணில் எதுவும் கிடக்கவில்லை, இரண்டாம் தடவை பார்த்தேன், கார் பின்னால் போய்விடும்வரை பார்த்தேன், மண்ணைப் பெருக்கி வைத்தது மாதிரி இருந்தது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக வில்ஃபியின் காரில் ஸ்டியரிங் அதன் இடத்தில் இருக்கிறது. அப்படியானால் அவன் இறங்கவில்லை, இறக்கியிருக்கிறார்கள். கழுத்தில் பட்டை மாட்டி, பலகையில் கட்டி, நாலு பேர் தூக்கி. அவன் கனம் என்ன, என்னைவிடக் கொஞ்சம் கூடத்தான். இதைத்தானே கேட்டேன். இப்படிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்டேன். அவன் நிறுத்தவேண்டும், அவன் வாயால் நிறுத்தவேண்டும், ஒரு மத்தியானம் என்னிடம் வந்து போதும்டா தண்டம் என்று சொல்லவேண்டும், நான் சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் ஓடவேண்டும், அவன் பார்க்க, தனியாக. ஓடுவதை அவன் பார்க்கவேண்டும், அதுதான் முழு விஷயமும். அவன் செத்துவிட்டால் அது நிறுத்தினதாகாது. செத்தவன் நிறுத்துவதில்லை, செத்தவன் கடைசிவரை ஓடினவன், அவனைத் தோற்கடிக்கவே முடியாது, ஹரிஹரனை யாராவது தோற்கடிக்க முடிந்ததா, அவனைப் பற்றிப் பேசும்போது இன்னும் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். வில்ஃபி அப்படிப் போய்விட்டால் நான் எப்போது நிறுத்தினாலும் அவனுக்கு முன்னால் நிறுத்தினதாகவே ஆகும். சாகாதே. தாயோளி, சாகாதே. இதை யோசிக்கிறவன் மனிதனா என்று கனகவல்லி கேட்பாள். கேட்கமாட்டாள், கேட்பதை அவள் நிறுத்தி வெகுநாளாயிற்று.

கொடி விழுகிறது. இப்படித்தான் முடிகிறது, சேஃப்டி காரின் பின்னால், சைக்கிளில் போகிறவன் வேகத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை அந்த ஆள் வீசுகிறான், சோம்பலாக, துணி உதறுகிறவன் மாதிரி, அதன் கீழே முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நான் யாரையும் தாண்டவில்லை, யாரும் என்னைத் தாண்டவில்லை. "வாழ்த்துகள் சார்! மூணாவது! ரெண்டு வருஷம் கழிச்சு மேடை சார்!" "மதுவந்தி, இப்பச் சொல்லு." "சொல்லலாம் சார். பயப்படற மாதிரி இல்ல. நினைவு இருக்கு. இடுப்பெலும்பும் வலது காலும் உடைஞ்சிருக்கு. உயிருக்கு ஒண்ணுமில்லன்னு இங்க முதலுதவி ரூம்ல டாக்டர் சொல்லிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." என் மூச்சில் ஹெல்மெட் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. "பேசினானா?" "பேசினாராம் சார். அவங்க மிஸஸ் கையைப் பிடிச்சுக்கிட்டு, போதும், இதோட விட்டுடறேன்னு சொன்னாராம். ரொம்ப அழுதாராம், பாவம்." "விட்டுடறேன்னா?" "ரேஸை சார். இனிமே காரைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாராம். எல்லாருக்கும் கேக்கற மாதிரி." "வேற?" "வேற எதுவும் சொல்லல சார்." "என்னைப் பத்தி?" "இல்ல சார்" என்றாள், பிறகு, எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, "வலியில இருந்தாருல்ல" என்றாள்.

விட்டுவிட்டான். அவ்வளவு லேசாக. ஒரு இடுப்பெலும்புக்கு, டோரீன் கையைப் பிடித்து, மார்ஷல்களும் நர்சுகளும் கேட்கும்படி, என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். நான் என்ன நினைத்திருந்தேன், தண்டம் ஓடறான்ல என்று பலகையில் கட்டியபிறகும் கேட்பான் என்றா. முப்பது வருஷம் இரண்டு பேரும் ஒரு கயிற்றின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று இருந்தேன், அவன் கையை விட்டுவிட்டான், கயிறு என் மேலேயே வந்து விழுகிறது. ஜெயித்துவிட்டேன். இதுதான் அது. நாளைக்கு ஒருநாள் ஓடினால் போதும், நாளைக்கு இங்கே பந்தயம்கூட இல்லை, அதனால் அதுவும் தேவையில்லை, இப்போதே முடிந்துவிட்டது, கனகவல்லியிடம் போனில் சொல்லிவிடலாம், அவள் குக்கரை இறக்கி வைத்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் நிற்பாள். ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரலாம், ஆப்பிள் வாங்கிக்கொண்டு, இரண்டு கிழவர்கள். மூக்கை நீட்டினாயே என்று அவன் கேட்டால் என்ன சொல்வது. கேட்கமாட்டான். இனிமேல் அவன் எதையும் கேட்கமாட்டான், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கோபம் எங்கிருந்தோ வருகிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது, யார் மேல் என்று பார்த்தால் யாருமில்லை. சேஃப்டி கார் விளக்கை அணைத்துவிட்டுப் பிட்டுக்குள் திரும்பிப் போய்விட்டது. பையன்களுக்கு முன்னால் பாதை வெறுமையாக நீண்டு கிடக்கிறது. எண்ணெய் மேல் தூவின சிமெண்ட் தூள் திருப்பத்தில் வெள்ளையாகத் தெரிகிறது, அங்கே வில்ஃபியின் காரைக் கிரேனில் தூக்குகிறார்கள், அது காற்றில் மெதுவாகச் சுற்றுகிறது. மார்ஷல்கள் வேலி ஓரம் வந்து நின்று எல்லாக் கொடிகளையும் சேர்த்து ஆட்டுகிறார்கள். முன்னால் போகிற பையன் முகக்கண்ணாடியைத் திறந்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறான், மற்றவன் ஏற்கெனவே தோளில் மாட்டின சீட் பெல்ட் பட்டைகளைத் தளர்த்திவிட்டான், அவை காற்றில் படபடக்கின்றன. "சார், முடிஞ்சுது சார், ரிலாக்ஸ் பண்ணுங்க, மெதுவா வாங்க" என்கிறாள் மதுவந்தி. "சரிம்மா" என்கிறேன். இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, மடியில் தொங்கிய பெல்ட் பட்டையின் நுனியைத் தேடிப் பிடித்து, நான் மூச்சை முழுக்க வெளியே விட, இன்னும் ஒரு விரற்கடை இறுக்கியது.